ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட்டும் செத்துப்போகிற பேட்டரியும்

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். வீடு தூத்துக்குடி. நாலு மாதம் கடல், இரண்டு மூன்று மாதம் ஊர் என்று காலம் ஓடுகிறது. ஊருக்கு வந்தால் என் 2021 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கிலேயேதான் இருப்பேன். ஃபாக் லைட் இரண்டு, யூஎஸ்பி சார்ஜர், ஜிபிஎஸ் டிராக்கர் எல்லாம் போட்டிருக்கிறேன். நான் இல்லாதபோது அப்பா ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஓட விடுவார். அப்படியும் நாலாவது, ஐந்தாவது வாரத்தில் செல்ஃப் எடுப்பதில்லை. நான் திரும்பி வரும்வரை அப்படியே கிடக்கும். மூன்று வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. போன முறை ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். மறுநாள் வால்பாறை கிளம்பினேன். ஆழியாறு செக்போஸ்டில் வண்டியை அணைத்துவிட்டு எடுத்தால் மறுபடி ‘டக் டக்’. வீட்டிலேயே ஒரு சார்ஜர் வாங்கி மாட்டலாமா? மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாமா? மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்தால் போதாதா? லித்தியம் பேட்டரிக்கு மாறினால் தொல்லை தீருமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்றது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையில்தான். மகன் கடலில் இருக்கிறான், அவன் வண்டி வீணாகிவிடக் கூடாது என்று வாரம் தவறாமல் கவரை எடுத்து, சாவி போட்டு, 10 நிமிடம் பக்கத்திலேயே நிற்கிறார். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த 10 நிமிடத்தால் பேட்டரிக்கு வரவு எதுவும் இல்லை. உங்கள் இரண்டு பேட்டரிகளும் வயதாகிச் சாகவில்லை. மாதக்கணக்கில் பாதி வயிறும் வெறும் வயிறுமாகக் கிடந்து செத்தன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டிக்கு கம்பெனி கொடுப்பது 12 வோல்ட், 8 ஏஎச் பேட்டரி. ஏஎச் என்பது ஆம்பியர் அவர், அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கொள்ளளவு. செல்ஃப் அடிக்கும் இரண்டு மூன்று நொடிக்கு 80, 100 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் நேரம் குறைவு என்பதால் மொத்தச் செலவு 0.08 ஏஎச் அளவுதான். அதைத் திருப்பிப் போட வேண்டியது எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயில். காயில் தருகிற கரண்ட் எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. ஸ்லோவில் நிற்கும்போது குறைவாகத்தான் வரும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. எஞ்சின் ஓடினால் விளக்கு எரியும். உங்கள் ஹெட்லைட் 55 வாட். அது ஒன்றே நாலரை ஆம்பியர் தின்னும். அதற்கு மேல் பெட்ரோல் பம்ப், ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், பின் விளக்கு. காயிலில் வருவது இவற்றுக்கே சரியாகப் போய்விடும். பேட்டரிக்கு மிஞ்சுவது அரை ஆம்பியர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 10 நிமிடத்தில் சேர்வது அதே 0.08 ஏஎச். எடுத்ததைத் திருப்பி வைத்தாயிற்று, அவ்வளவுதான்.

போன மாதம் இதே மாடல் வண்டி ஒன்று கடைக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே பேட்டரியில் மீட்டரை மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவி போடும் முன் 12.6 வோல்ட். செல்ஃப் அழுத்தியதும் 10.4 வரை விழுந்து எழுந்தது. ஸ்லோவில் நின்றபோது 13.1. ஃபாக் லைட் சுவிட்சைப் போட்டேன், 12.5. அதாவது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரைத் திருகி 4,000 ஆர்பிஎம்மில் பிடித்ததும் 14.2. அந்த எண் வந்தால்தான் பேட்டரி சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

இப்போது செலவுப் பக்கம் வாருங்கள். சாவியை எடுத்த பிறகும் வண்டி முழுதாகத் தூங்குவதில்லை. மீட்டரில் கடிகாரம் ஓடுகிறது. டிராக்கர் அவ்வப்போது விழித்து டவரைத் தேடுகிறது. யூஎஸ்பி சார்ஜரில் போன் மாட்டாவிட்டாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் குடிக்கும். எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன எல்இடி அளவுதான். ஒரு நாளைக்கு 240 மில்லி ஏஎச், வாரத்துக்கு 1.68 ஏஎச். எட்டில் ஒன்றரைக்கு மேல் ஒவ்வொரு வாரமும் போகிறது. நாலு வாரத்தில் 6.7. நாலாவது, ஐந்தாவது வாரத்தில் செல்ஃப் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். அப்பா ஞாயிறு தவறியிருந்தாலும் தவறாவிட்டாலும் அதே வாரத்தில்தான் நின்றிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியே போய்விடும். 10 நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் ஆயிலிலும் ஈரம் தங்கும். கடற்கரை ஊரில் அது கூடுதல் துருவுக்கு வழி. அதனால் யாராவது ஓட்டுவதென்றால் நிஜமாகவே ஓட்டட்டும். நம்பிக்கையான தம்பி, மச்சான் யாராவது இருந்தால் 15 நாளைக்கு ஒருமுறை திருச்செந்தூர் வரை போய்விட்டு வரச் சொல்லுங்கள். போக வர 80 கிலோமீட்டர் வரும், பேட்டரியும் நன்றாக ஏறிவிடும். ஓட்ட ஆளில்லை என்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம்.

சரி, நின்றுபோன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். ஈய பேட்டரியை 1859-ல் பிரான்சில் பிளாண்டே என்பவர் செய்தார். இன்று உங்கள் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு பக்கப் பிளேட்டிலும் ஈய சல்பேட் மெல்லிய மாவுபோலப் படியும். உடனே சார்ஜ் போட்டால் அந்த மாவு கரைந்து, எடுத்த சல்பேட் ஆசிட்டுக்கே திரும்பிவிடும். போடாமல் வாரக்கணக்கில் விட்டால் மாவு இறுகிப் படிகமாகிவிடும். பிறகு எந்தச் சார்ஜர் போட்டாலும் முழுதாகக் கரையாது. அந்த இடத்தில் பிளேட் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

2020 ஊரடங்கு முடிந்து கடையைத் திறந்த வாரத்தில் ஒரே நாளில் பத்துப் பதினைந்து வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பேட்டரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏன் தேறவில்லை என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. ஆசிட்டை வடித்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மூடியை அறுத்தேன். நல்ல பேட்டரியில் பிளஸ் பிளேட் சாக்லேட் நிறத்தில் இருக்கும். மைனஸ் பிளேட் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல இருக்கும். இதில் இரண்டு பிளேட்டும் வெளுத்துக் கிடந்தன. விரலால் தேய்த்தால் கல் உப்பைத் தொட்டதுபோல நறநறவென்றது. (நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். உள்ளே ஆசிட்டும் ஈயமும் இருக்கிறது.) ஒவ்வொரு முறையும் நீங்கள் கப்பலில் இருந்து இறங்குவதற்குள் உங்கள் பேட்டரியின் உள்ளேயும் இதுதான் நடந்திருக்கும்.

அந்த ஒரு மணி நேர சார்ஜைப் பற்றி. 8 ஏஎச் பேட்டரிக்கு உகந்த சார்ஜ் 0.8 ஆம்பியர், அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. இறங்கிய பேட்டரி அந்த வேகத்தில் நிறைய 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார் பேட்டரிகளோடு சேர்த்து 6, 8 ஆம்பியரில் ஏற்றினால் மேலோட்டமாக வோல்டேஜ் ஏறிவிடும். மீட்டரில் 13 காட்டும், செல்ஃபும் இரண்டு முறை அடிக்கும். உள்ளே நிறைந்திருக்காது. அந்தச் சூட்டில் அடைத்த பேட்டரியின் வால்வு வழியாக ஈரமும் வெளியேறிவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வழியில்லை. ஏற்கெனவே படிகம் இறுகிய பேட்டரி என்பதால் வழியெல்லாம் ஓட்டியும் தேறவில்லை, ஆழியாறில் நின்றுவிட்டது. சார்ஜ் ஏற்றி முடித்த கையோடு காட்டுகிற வோல்டேஜை நம்ப வேண்டாம். சார்ஜரைக் கழற்றி ஒரு இரவு சும்மா வைத்துக் காலையில் பார்க்கிற எண்தான் நிஜம்.

அந்தக் காலை எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். அடைத்த பேட்டரியில் 12.8-ம் அதற்கு மேலும் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.5, 12.6 என்றால் முக்கால் பங்கு. 12.3-ஐ ஒட்டி இருந்தால் பாதி. 12 காட்டினால் கால் பங்குதான் மிச்சம். 11.8-க்குக் கீழே என்றால் காலி. வண்டி ஸ்டார்ட் ஆகிறதே என்று 12.3-ல் விட்டுவிடுகிறோம் பாருங்கள், பேட்டரி அங்கேயிருந்துதான் கெடத் தொடங்குகிறது. 12.5-க்குக் கீழே போக விடாதீர்கள்.

இப்போது சார்ஜர். வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். ஒரு பேட்டரி விலையில் நல்ல பங்கு அதற்கே ஆகலாம். ஆனால் நாலு மாதத்துக்கு ஒருமுறை வண்டியை விட்டுப் போகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. தானாகக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜராக இருக்க வேண்டும். முதலில் நிலையான ஆம்பியரில் ஏற்றும், 14.4 வோல்ட் தொட்டதும் அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பியரைக் குறைக்கும், நிறைந்ததும் 13.5 அளவுக்கு இறங்கி, கசிகிறதை மட்டும் ஈடுசெய்துகொண்டிருக்கும். பாஷ் சி3, நோக்கோ ஜீனியஸ் 1, சிடெக், ஆப்டிமேட், பேட்டரி டெண்டர் எல்லாம் இந்த வகை. பெட்டியில் 0.8 அல்லது 1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைக், கார் இரண்டு பொத்தானும் இருந்தால் பைக் படத்தைத்தான் அழுத்த வேண்டும். கார் படத்தை அழுத்தினால் மறுபடி அந்தக் கடைக்காரர் வேலைதான். டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு முள் மீட்டரும் மட்டும் உள்ள பழைய சார்ஜர்கள் நிறைந்ததும் நிற்காது. வீட்டில் மாட்டிவிட்டுப் போகவே கூடாது.

கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். கரண்ட் போய் வந்தால் சார்ஜர் தானாகப் பழைய நிலைக்கே வருமா, இல்லை யாராவது பொத்தானை அழுத்த வேண்டுமா? சில மாடல் மறந்துபோய் சும்மா நிற்கும். வெளியே பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ ஏதோ ஒன்று எரியும், வீட்டில் இருப்பவர்களும் சார்ஜ் ஆகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாமா என்று கேட்டீர்கள். நல்ல ஸ்மார்ட் சார்ஜரை அப்படி விடலாம், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சார்ஜரின் வோல்டேஜை 25 டிகிரிக்குக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். சூடு ஒரு டிகிரி ஏறினால் 12 வோல்ட் பேட்டரிக்கு 0.02 வோல்ட் அளவு குறைத்துக் கொடுக்க வேண்டும். சித்திரை வைகாசியில் உங்கள் போர்ட்டிகோ 38 டிகிரி இருக்கும். 13.6 கொடுக்க வேண்டிய இடத்தில் 13.3 போதும். சூட்டை அளந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் என்றால் கவலையில்லை. அது இல்லாத சார்ஜரை நாலு மாதம் மாட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் காய வைக்கும். என் யோசனை, மாட்டியே வைக்க வேண்டாம். வாரம் ஒரு இரவு போதும். வாரத்துக்கு இழப்பது 1.68 ஏஎச் என்று பார்த்தோம். 0.8 ஆம்பியரில் அது இரண்டு மூன்று மணி நேர வேலை. மீதி இரவில் நிதானமாக மேலே நிறைந்துகொள்ளும். இடி மின்னல் நேரத்தில் சுவரில் மாட்டிக்கிடக்கவும் வேண்டியதில்லை.

இதற்கு ஒவ்வொரு முறையும் சீட்டைக் கழற்றி கிளிப் மாட்டச் சொல்லி அப்பாவைச் சிரமப்படுத்த வேண்டாம். சார்ஜரோடு வளைய டெர்மினல் வைத்த ஒயர் ஒன்று வரும். மறுமுனையில் இரட்டை முனை பிளக் இருக்கும். ஊரில் இருக்கும்போதே அந்த வளையங்களைப் பேட்டரி போல்ட்டில் முறுக்கிவிட்டு, பிளக்கைச் சீட்டுக்கு அடியில் கை எட்டும் இடத்தில் ஜிப் டை போட்டு வெளியே விடுங்கள். பேட்டரிப் பக்கம் வரும் பிளக்கில் பிளஸ் முனை ரப்பருக்குள் மறைந்திருக்க வேண்டும். மாறியிருந்தால் பிரேமில் உரசித் தீப்பொறி வரும். அந்த ஒயரில் பிளஸ் பக்கம், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கிறதா பாருங்கள். இல்லாத ஒயரை நான் வண்டியில் மாட்டவே மாட்டேன். சும்மா இருக்கும்போது தண்ணீர் போகாமல் ரப்பர் மூடியைப் போட்டு வையுங்கள்.

டெர்மினலைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். இது ஏன் என்று கேட்காமலேயே பலர் செய்கிறார்கள், பலர் செய்வதும் இல்லை. வண்டியின் பிரேம் முழுக்க மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, அதன் மறுமுனை பிரேமைத் தொட்டால் பேட்டரி முழுசாக ஸ்பேனர் வழியே பாயும். என் கடையில் வேலை பழகிய பையன் ஒருவனின் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் அப்படி போல்ட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தபோது அதன் வாயில் அரிசி அளவுக்கு உருகிய பள்ளம். மோதிரம், வாட்ச் செயின் போட்ட கையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கழற்றிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

உங்கள் ஊர்க் காற்றில் உப்பு. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டு, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். காய்ந்ததும் போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். முறுக்கிய பிறகுதான் தடவ வேண்டும்.

மைனஸைக் கழற்றி வைப்பது பற்றி. அது தவறில்லை. நல்ல பேட்டரியை முழுதாக நிறைத்து மைனஸைக் கழற்றினால் டிராக்கர், கடிகாரக் கசிவெல்லாம் நின்றுவிடும். தானாக இறங்குவது மட்டும்தான் மிச்சம். 25 டிகிரியில் மாதத்துக்கு 3 சதவீதம் அளவு. 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நாலு மாதத்தில் கால் பங்குவரை போகலாம். செத்துவிடாது, ஊருக்கு வந்ததும் ஒரு இரவு சார்ஜரில் போட்டால் எழுந்துவிடும். ஆனால் டிராக்கர் தூங்கிவிடும், அதில் உள்ள குட்டி பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். வண்டி பூட்டிய காம்பவுண்டுக்குள் நிற்கிறதென்றால் மைனஸைக் கழற்றலாம். தெருவில் நிற்கிறதென்றால் டிராக்கர் வேண்டும், சார்ஜரும் வேண்டும். அடுக்குமாடியில் கீழே பிளக் பாயின்ட் இல்லாதவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்கு இன்னும் எளிது. இந்தப் பேட்டரி மூன்று கிலோதான். கழற்றி மேலே எடுத்துப் போய், காற்றோட்டமான இடத்தில், குழந்தை கை எட்டாத பலகைமேல் வைத்துச் சார்ஜ் போடலாம். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் கசியலாம்.

லித்தியம் உங்களுக்கு வேண்டாம் என்பேன். எடை ஒரு கிலோ அளவுதான், செல்ஃபும் சுறுசுறுப்பாக அடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் 8-க்குச் சமம் என்று அட்டையில் போட்டிருக்கும் பலவற்றில் உள்ளே இருக்கிற உண்மையான ஏஎச் பாதிக்கும் கீழே. உங்கள் டிராக்கர் அதை இரண்டு வாரத்தில் குடித்துவிடும். ஒருமுறை முழுக்கக் காலியாகிவிட்டால் பல லித்தியம் பேட்டரிகள் திரும்ப எழாது. அதற்கென்ற சார்ஜரும் வேறு. ஈய பேட்டரிக்கு சல்பேட் உடைக்கிற மோடு வைத்த சார்ஜரை அதில் மாட்டக் கூடாது. வண்டி நிற்கிற நாள் அதிகம், ஓடுகிற நாள் குறைவு என்கிற உங்களுக்கு ஈயமே நல்லது.

ஊருக்கு வந்ததும் ஒரு வேலை செய்ய வேண்டும். என் 10 மில்லி ஆம்பியர் வெறும் அனுமானம். உங்கள் வண்டியின் எண் என்ன என்று அளந்து பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். மல்டி மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, டிசி ஆம்பியரில் வையுங்கள். ஒரு முனை கழற்றிய ஒயரில், மற்றது பேட்டரி மைனஸில். டிராக்கர் முதலில் கொஞ்சம் அதிகம் இழுக்கும். சில நிமிடம் பொறுத்தால் எண் இறங்கி நிலைக்கும். மீட்டர் அப்படி நடுவில் இருக்கும்போது சாவியைத் தொடாதீர்கள், செல்ஃபை நினைக்கவும் வேண்டாம். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். ஏறக்குறைய பூஜ்யம் என்றால் கடிகாரம் மட்டும்தான். 0.01, 0.02 (அதாவது 10, 20 மில்லி) என்றால் யூஎஸ்பி சார்ஜர் ஃபியூஸ், டிராக்கர் ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அதுதான் ஆள். யூஎஸ்பியை நேரடியாகப் பேட்டரியில் கொடுத்திருந்தால், ஒரு ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்) வைத்துச் சாவி போட்டால் மட்டும் வருமாறு மாற்றச் சொல்லுங்கள். ஃபாக் லைட்டுக்கும் அதேபோல ரிலே வைக்கச் சொல்லுங்கள். எலி கடித்துத் தோலுரிந்த ஒயர் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். நின்ற வண்டியில் எலி குடியேறுவது நான் மாதம் ஒன்றாவது பார்க்கிற சங்கதி.

இப்போது வண்டியில் இருக்கும் பேட்டரியை 0.8 ஆம்பியரில் ஒரு முழு நாள் போட்டுப் பாருங்கள். கழற்றி ஒரு இரவு விட்டுக் காலையில் 12.4-க்குக் கீழே காட்டினாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலோ அதை நம்பி மலை ஏறாதீர்கள். உங்கள் வண்டிக்குக் கிக்கர் கிடையாது. தள்ளி எடுக்கலாம் என்றாலும் பெட்ரோல் பம்ப் ஓட வோல்டேஜ் வேண்டும். முழுக்கக் காலியான பேட்டரியோடு 40 கொண்டை ஊசி வளைவில் தள்ளியும் பயனில்லை. புதிது வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். அலமாரியில் ஆறு மாதம் கிடந்ததும் உங்கள் போர்ட்டிகோவில் ஆறு மாதம் கிடந்ததும் ஒன்றுதான். வாங்கி வந்ததை வண்டியில் போடும் முன் ஒரு இரவு சார்ஜரில் வையுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள், ஈயமும் குப்பைக்குப் போகாது.

கடைசியாக, உங்கள் கப்பலையே நினைத்துப் பாருங்கள். ஜிஎம்டிஎஸ்எஸ் என்கிற ஆபத்துக் கால ரேடியோவின் பேட்டரிகளைத் தினமும் பார்த்து வோல்டேஜை லாக் புத்தகத்தில் எழுதுவது உங்களைப் போன்ற டெக் ஆபீசர்தானே. அந்தச் சார்ஜர் 10 மணி நேரத்துக்குள் பேட்டரியைத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கு ஏற்ற வேண்டும் என்று கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸில் விதியே இருக்கிறது. அவசரத்துக்கு என்று வைத்த பேட்டரியை அங்கே யாரும் ‘வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்’ என்று விடுவதில்லை.

வீட்டிலும் அதே லாக்கை அப்பாவிடம் கொடுங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி, முள் வைக்கும் இடம் இரண்டையும் காட்டி, 20 வோல்ட் என்ற இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பிளக்கைச் சொருகட்டும். ஞாயிறு காலை எடுத்துவிடட்டும். மத்தியானம் வோல்டேஜ் பார்த்து, தினசரி காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழேயே எழுதி, போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். 12.8, 12.8, 12.7 என்று வரும். ஒரு வாரம் 12.4 வந்தால் அங்கிருந்தே போன் செய்து, பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள் அப்பா என்று சொல்லிவிடலாம்.